நான் தேர்ந்தெடுத்த அறுபது பம்புகள்

நான் பயந்த சுபாவம் உள்ளவன். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. கடையைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரைக்கும் போவேன், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன், அப்புறமும் மனசு ஆறாமல் இன்னொரு முறை வருவேன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போதுகூடச் சட்டைப் பையில் சைக்கிள் வால்வுக்குப் போடும் வால்டியூப் நாலைந்து இருக்கும். யாருக்காவது வழியில் காற்று இறங்கிவிட்டால் என்ன செய்வது என்ற கவலைதான். கடையில் என்னைக் கிண்டல் செய்யாத ஆளே இல்லை. செய்யட்டும். இருபத்தேழு வருஷம் சைக்கிள் சாமான் கடையில் நின்றவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: பயம் இல்லாதவன் பம்பு வாங்கப் போகக் கூடாது.

வியாபாரிகள் சங்கத்திலிருந்து இரண்டு தம்பிகள் வந்திருந்தார்கள். புதிதாகக் கவுண்டருக்கு வருகிறவர்களுக்குப் பயன்படும்படி உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எதைப் பற்றி எழுத என்று கேட்டேன். “கியர் வண்டி வந்தது, பசங்க வண்டி மாறுனது, அந்த மாதிரி எழுதுங்கண்ணே. பம்பு கிம்புன்னு ஆரம்பிச்சிடாதீங்க, அது சின்னச் சாமான்” என்றான் ஒருவன். சின்னச் சாமான் என்று சொன்னதால்தான் பம்பைப் பற்றியே எழுதுகிறேன். வேண்டாம் என்றால் கிழித்துப் போடுங்கள்.

என் படிப்பு ஏழாம் வகுப்புப் பாதியோடு சரி. வாடகை சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டினேன், ரிம் கோணல் எடுத்தேன், பிறகு திருப்பாதிரிப்புலியூரில் தனகோடி முதலாளியின் மொத்த வியாபாரக் கடையில் பார்சல் கட்டினேன். 2004இல் சரக்கு பார்த்து எடுக்கும் பொறுப்பை முதலாளி என்னிடம் கொடுத்தார். கம்பெனி ஆள் கொண்டுவந்து காட்டும் சாமானில் எதை எடுப்பது, எதைத் திருப்பி அனுப்புவது என்று நான் சொல்ல வேண்டும். எடுத்த பெட்டியின் மேல் ‘பார்த்தது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்தைப் போட்டு முடிப்பதற்குள் எனக்கு இரண்டு தடவை வியர்த்துவிடும்.

முதலாளியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைப்பார். சாதாரணமாக எங்களை வா போ என்று கூப்பிடுகிறவர், கோபத்தில் வாங்க போங்க என்று மாறிவிடுவார். “வாங்க, உக்காருங்க” என்று அவர் சொல்லிவிட்டால், உட்காருகிறவனுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. திட்டு வாங்குவதற்குப் பதில் மரியாதை வாங்குவதற்கு நடுங்கிய கடை எங்களுடையது.

இனி பம்பு. பம்பு வாங்க வருகிறவர் முதலில் என்ன செய்வார்? ஹோஸின் வாயைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு கைப்பிடியை ஒரு அழுத்து அழுத்துவார். கைப்பிடி எகிறித் திரும்பினால் நல்ல பம்பு என்று தலையாட்டிவிடுவார். இந்தச் சோதனை விற்கிறவனுக்கு உதவும், வாங்குகிறவனுக்கு உதவாது. கம்பெனியிலிருந்து வரும்போதே உள்ளே எண்ணெயைத் தாராளமாக விட்டிருப்பான். எண்ணெய் இருக்கிற வரைக்கும் அட்டைகூடத் தோல் மாதிரி நடிக்கும். ஒரு மாசத்தில் எண்ணெய் காய்ந்ததும் சாயம் வெளுக்கும். காற்று மேலே கைப்பிடி வழியாகப் புஸ்ஸென்று வரும், டயருக்குள் போகாது.

அதனால் நான் மூடியைக் கழற்றி ராடை வெளியே உருவிவிடுவேன். கம்பெனி ஆளுக்கு இது பிடிக்காது. பிடிக்காவிட்டால் போகட்டும். ராடைக் கவுண்டர் கண்ணாடிமேல் உருட்டுவேன். அடியில் வெளிச்சம் விட்டு விட்டுத் தெரிந்தால் கோணல். பிறகு ராடு நுனியில் கிண்ணம் மாதிரி இருக்கும் வாஷர். பம்பின் உயிர் அதில்தான் இருக்கிறது. எண்ணெயைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைப்பேன். நல்ல தோலில் சொட்டு கொஞ்ச நேரம் உருண்டையாக நிற்கும். அழுத்திச் செய்த அட்டையாக இருந்தால் உறிஞ்சிக்கொண்டு அந்த இடம் புடைத்துவிடும். இதெல்லாம் முடிந்து, எண்ணெயில்லாத அந்த வாஷரைத் திரும்ப உள்ளே போட்டு அப்போது அடைத்துப் பார்ப்பேன் கட்டைவிரலால்.

அதோடு விடமாட்டேன். கீழே கால் வைக்கும் தகட்டில் ஏறி நின்று இப்படியும் அப்படியும் ஆடுவேன். சுற்றிலும் வெல்டிங் பற்ற வைத்திருக்கிறானா, இரண்டு புள்ளி வைத்து ஏமாற்றியிருக்கிறானா என்பது உள்ளங்காலுக்குத் தெரியும். ஹோஸைக் கழுத்தருகே மடக்கிப் பார்ப்பேன், வெள்ளை வெள்ளையாகக் கீறல் தெரிந்தால் ஆகாது. கடைசியாக, லோடு ஏற்றும் சைக்கிள் வண்டி டயரில் மாட்டி நூறு அடி அடிப்பேன். அடித்து முடித்ததும் குழாயின் அடிப்பாகம் சூடாக இருக்க வேண்டும், மேல்பாகம் சுடக் கூடாது. மேலே சுட்டால் உள்ளே ஏதோ உரசுகிறது. ஹோஸைக் கழற்றாமல் கைப்பிடியை விட்டுவிட்டு நிற்பேன். கைப்பிடி தானாக மெல்ல மேலே வந்தால் பம்பு அடியில் இருக்கும் அடைப்பான் சரியில்லை, உள்ளே போன காற்று பம்புக்கே திரும்பி வருகிறது.

கவுண்டரில் என்னோடு நின்ற ரஃபிக்கு இதைப் பார்க்கப் பார்க்கச் சிரிப்பு.

“மச்சான், பம்பு பாக்குறியா, பொண்ணு பாக்குறியா?”

“பொண்ணு பாக்குறப்பகூட இவ்ளோ நேரம் ஆவலடா.”

“நல்ல வேள. தங்கச்சி மட்டும் உன்ன இப்பிடித் தட்டி, வளைச்சி, தண்ணி வச்சிப் பாத்திருந்தா நீ தேறியிருக்க மாட்ட.”

கடல் ஊருக்குள் வந்த அந்த டிசம்பருக்கு அடுத்த வருஷம். கரையோரத்துக் குப்பங்களில் சைக்கிளில் மீன் விற்கிறவர்கள் வண்டியைப் பறிகொடுத்திருந்தார்கள். பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு விடியற்காலையில் கிளம்பி, உள்ளே கிராமம் கிராமமாகப் போய் விற்கிறவர்கள். வெளியூர் உதவி நிறுவனம் ஒன்று அவர்களுக்கு முந்நூறு சைக்கிளும், ஐந்து வண்டிக்கு ஒரு பம்பு என்று அறுபது பம்பும் கொடுக்க முன்வந்தது. எங்கள் கடைக்கு ஆர்டர் வந்தது. நிறுவனத்தின் சார்பில் வந்தவர் சந்திரன் சார், இளவயசு, நல்ல மனுஷர். கடையில் இருந்த பம்புகளில் பெரிய குழாய் வைத்துப் பளபளவென்று நிக்கல் பூசிய ஒன்றைத் தூக்கிப் பார்த்தார்.

“இது நல்லா இருக்கே. குழாய் பெருசு, காத்து ஜாஸ்தி வரும்ல?”

“வரும் சார். ஒரு தடவ அடிச்சிப் பாருங்க” என்று கடை வாசலில் இருந்த லோடு வண்டியைக் காட்டினேன்.

பத்து அடி வரைக்கும் சுலபமாகப் போயிற்று. பதினைந்தாவது அடியில் கைப்பிடி இறங்கவில்லை. சார் வயிற்றைக் கொடுத்து அழுத்தினார். டயர் இன்னும் பாதி மெத்தென்றுதான் இருந்தது. பெரிய குழாயின் குணம் அது. ஆரம்பத்தில் காற்றை அள்ளிப் போடும். டயர் இறுக இறுக அடிக்கிறவனைத் தூக்கி நிறுத்திவிடும். பிறகு நான் எடுத்து வைத்திருந்த ஒல்லிப் பம்பைக் கொடுத்தேன். கறுப்புப் பெயின்ட், நீளக் குழாய், பார்க்க ஒரு லட்சணமும் இருக்காது. அறுபது எழுபது அடி அடிக்க வேண்டியிருந்தது, ஆனால் கடைசி அடியும் முதல் அடி மாதிரி இறங்கியது. டயர் கல்லாகிவிட்டது.

“அம்பது கிலோ மீன வச்சிகிட்டுப் போற வண்டி சார். பின் சக்கரம் கல்லு மாதிரி இல்லன்னா ரிம் அடிவாங்கும், ட்யூப் கடிபடும். பொம்பளைங்க கூட அடிக்கணும்.”

சார் முதலாளியைப் பார்த்தார். முதலாளி என்னைப் பார்த்தார். “அவன் சொன்னா சரியா இருக்கும்” என்றார். அறுபது பம்பையும் நான் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

மஞ்சக்குப்பத்தில் மைதானத்துக்குப் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் வைத்துக் கொடுத்தார்கள். அங்கேதான் நான் வாயைத் திறந்தேன். யாரும் என்னைப் பேசச் சொல்லவில்லை. எனக்குள் ஒரு பயம்: உப்புக் காற்றில் தோல் காய்ந்துவிடுமோ, மூன்றே மாசத்தில் பம்பு செத்துவிடுமோ என்று. அதனால் பம்பு வாங்கிக்கொண்டு போன அறுபது பேரிடமும் அறுபது தடவை சொன்னேன். “வாரத்துக்கு ஒருக்கா நாலு சொட்டு எண்ணெ விடுங்க. அப்பதான் வாஷர் காயாது.” எந்த எண்ணெய், எதில் படவேண்டும், எதில் படக்கூடாது, ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் கடையில் எப்படிச் செய்வோம் என்றால், ராடை உருவி, விரல் நுனியில் தேங்காய் எண்ணெய் தொட்டு, வாஷர்மேல் மட்டும் தடவித் துடைத்துவிடுவோம். அது எனக்குக் கைப்பழக்கம். கைப்பழக்கம் வாயில் வரவில்லை.

நாலாவது வாரம் குப்பத்திலிருந்து கலியபெருமாள் என்பவர் வந்தார். குடிகாட்டைத் தாண்டிக் கடலோரக் குப்பம் அவருடையது. ஆறு பம்பை வலைக் கயிற்றால் ஒன்றாகக் கட்டிக் கேரியரில் கொண்டுவந்து, கவுண்டர் கண்ணாடிமேல் தொப்பென்று போட்டார்.

“இன்னாய்யா பம்பு இது? சாயங்காலம் அடிச்ச காத்து விடியறப்ப இல்ல. பாதி ரோட்ல நான் நிக்கிறேன், பொட்டியில மீனு நாறுது. ஜனம் மீன விட்டுட்டு என்னப் பாத்து மூக்கப் பொத்துது!”

“பம்புக்கும் காத்து எறங்கறதுக்கும் சம்மந்தம் இல்லீங்களே. ட்யூப்ல...”

“ட்யூப்பு புதுசு, டயரு புதுசு, வண்டி புதுசு. நீ குடுத்த பம்புதான்யா கேடு. எனக்கு மட்டும் இல்ல, ஊரு பூரா இதே கதை.”

அவர் கொண்டுவந்த ஆறையும் அப்போதே அடித்துப் பார்த்தேன். ஆறும் நன்றாக அடித்தன. அதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நானாக இருந்தாலும் போட்டுக்கொண்டிருக்க மாட்டேன். மீன் நாறினவனுக்குப் பம்பு அடிக்கிறது என்று காட்டி என்ன பிரயோசனம்?

இரண்டு நாளில் சந்திரன் சாரும் வந்துவிட்டார். “நான் அன்னிக்கே அந்தப் பெரிய பம்பு எடுக்கலாம்னு சொன்னேன்” என்றார். குரலில் கோபம் இல்லை, ஆனால் அது இன்னும் மோசமாக இருந்தது. புதன்கிழமை மண்டபத்தில் எல்லோரையும் வைத்துப் பேசி முடிவெடுப்பது என்று ஆயிற்று. பெரிய நிக்கல் பம்புகள் எங்கள் கிடங்கில் பெட்டி பெட்டியாகத் தேங்கிக் கிடந்தன. அதையே மாற்றிக் கொடுத்துவிடலாம் என்று முதலாளி மனசுக்குள் முடிவு செய்துவிட்டார் என்பது எனக்குத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேரே குப்பத்துக்குப் போனேன். குடிகாட்டு ரசாயனத் தொழிற்சாலைகளைத் தாண்டும்போது மூக்கு எரியும். அன்றைக்கு எனக்கு அதுவும் உறைக்கவில்லை. கலியபெருமாள் வீட்டு வாசலில் காற்றில்லாமல் நின்றிருந்த வண்டியின் வால்வைக் கழற்றினேன். சைக்கிள் வால்வு தெரியும்தானே? ஒரு சின்ன உலோகத் தண்டு, அதன்மேல் போட்ட மெல்லிய ரப்பர் குழல். அந்த ரப்பர்தான் வால்டியூப். உள்ளே போன காற்றை வெளியே விடாமல் பிடித்திருப்பது அதுதான். அது என் விரலோடு வழுக்கிக்கொண்டு வந்தது. ஊறின சேமியா மாதிரி உப்பி, பிசுபிசுவென்று இருந்தது. மோந்து பார்த்தேன். எஞ்சின் ஆயில்.

அடுத்த வண்டி, அதற்கடுத்த வண்டி, எல்லாம் அப்படியே. ரப்பருக்கு எண்ணெய் ஆகாது என்பது பஞ்சர் ஒட்டுகிற எவனுக்கும் தெரியும். பம்புக்குள் எண்ணெயை ஊற்றினால் அடிக்கிற காற்றோடு அது ஹோஸ் வழியாக வால்வுக்குப் போய்ச் சேரும் என்பதும் யோசித்தால் தெரியும். நான் யோசிக்கவில்லை.

“எவ்ளோ ஊத்துனீங்க?” என்று கலியபெருமாளைக் கேட்டேன்.

“கரண்டில ஒண்ணு ரெண்டு ஊத்தியிருப்பேன்.”

“நாலு சொட்டுன்னுதான சொன்னேன்!”

“நாலு சொட்டா! எங்க உப்புக் காத்துக்கு நாலு சொட்டு மூக்குக்குள்ள விட்டாலும் பத்தாது. போட் எஞ்சினுக்கு எப்பிடி ஊத்துறோம், நங்கூரச் சங்கிலிக்கு எப்பிடி ஊத்துறோம்? இரும்புன்னா குளிக்க வச்சாத்தான் இங்க நிக்கும். நீ கரையில இருக்கறவன், ஒனக்கு இன்னா தெரியும்?”

நியாயம்தான். அவர்கள் ஊரில் எண்ணெயைச் சொட்டாக விடுகிற வழக்கமே இல்லை.

தெருக்கோடியில் அஞ்சலை என்கிற அம்மா வீட்டில் மட்டும் ஐந்து வண்டியும் கும்மென்று நின்றன. அவர்கள் குழுவின் பம்பு அந்தம்மாவிடம் இருந்தது. திறந்து பார்த்தேன். நான் கொடுத்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

“நீங்க எண்ணெ விடலியாம்மா?”

“எண்ணெ விக்கிற வெலைல பம்புக்கு வேற ஊத்துவாங்களா? கடைக்காரன் சொன்னா நம்ம தலையில இன்னொரு சாமானக் கட்டத்தான் சொல்லுவான்னு வுட்டுட்டேன். ஏன், ஊத்தணுமா?”

“வேணாம்மா. நீங்க என் பேச்சக் கேக்காததுதான் நல்லதாப் போச்சி.”

கலியபெருமாள் இதைக் கேட்டுவிட்டுத் தெருவே அதிரச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அறுபது பம்பில் ஒன்றைக்கூட நான் தப்பாகத் தேர்ந்தெடுக்கவில்லை. தப்பு என் வாயில்.

திங்கட்கிழமை காலையில் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வால்டியூபை அவர் மேஜைமேல் வைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“உக்காருங்க.”

உட்கார்ந்தேன்.

“பம்ப மாத்திக் குடுத்துட்டா முடிஞ்சிது. கம்பெனி சரக்கு சரியில்லன்னு சொல்லிக்கலாம். வால்டியூபயும் சேத்து மாத்திடலாம். நீங்க எதுவும் பேசாதீங்க.”

“மொதலாளி, பெரிய பம்புல அவுங்களால காத்து இறுக்க முடியாது. அந்தப் பெட்டியில பாதி வாஷர் அட்டை. நாந்தான் திருப்பி அனுப்பலாம்னு ஒதுக்கி வச்சேன். மழைக்காலம் வர்றதுக்குள்ள செத்துடும். நம்ம பம்ப எண்ணெ போகத் தொடச்சாலே போதும், பல வருசம் உழைக்கும்.”

“நம்ம கவுண்டர்ல நிக்கிறவரு தப்பா வழி சொன்னாருன்னு ஊருக்குள்ள ஆச்சின்னா, நாளைக்கு யாருங்க நம்மளக் கேட்டு சாமான் வாங்குவாங்க? அந்த ஆபீஸ்லருந்து இன்னும் ஆர்டர் வர இருக்கு. புதன்கிழமை நீங்க எந்திரிச்சிப் பேசுனீங்கன்னா, அதோட கவுண்டர மறந்துடுங்க.”

கண்ணாடியைத் துடைத்து முடித்து மாட்டிக்கொண்டார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

பேசினால் என் வேலை போகும். பேசாவிட்டால் அறுபது நல்ல பம்பு போய், அறுபது செத்த பம்பு குப்பத்துக்குப் போகும். இரண்டு நாள் எனக்குத் தூக்கமில்லை. மகள் அப்போதுதான் சிதம்பரத்தில் நர்சிங் படிக்கச் சேர்ந்திருந்தாள். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டியதே அவள்தான். எனக்கு வேறு தொழில் தெரியாது. இந்த வயசில் மறுபடி பஞ்சர் ஒட்டப் போக வேண்டுமா? கணக்குப் போட்டுப் போட்டுப் பார்த்தேன், எல்லாக் கணக்கும் வாயை மூடு என்றே வந்தது. அந்தப் பக்கம் பார்த்தால் கலியபெருமாள் வயிற்றைக் கொடுத்துப் பெரிய பம்பை அழுத்துவது கண்ணில் தெரிந்தது.

புதன்கிழமை காலையில் கிளம்பும்போது மனைவியிடம் சொன்னேன்: “எனக்கு ரொம்பப் பயமா இருக்கு.”

“பயமா இருந்தா பயந்துகிட்டே பேசிட்டு வாங்க” என்றாள்.

அப்படித்தான் பேசினேன். மண்டபத்தில் கலியபெருமாளும் அஞ்சலை அம்மாவும் இன்னும் முப்பது நாற்பது பேரும் இருந்தார்கள். முதலாளி முன் நாற்காலியில். சந்திரன் சார், “சரி, பம்ப மாத்திடலாம்னு கடையில ஒத்துக்கிட்டாங்க” என்று ஆரம்பித்ததும் நான் எழுந்துவிட்டேன். கையில் இரண்டு டம்ளர் வைத்திருந்தேன். ஒன்றில் சும்மா கிடந்த வால்டியூப், இன்னொன்றில் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எஞ்சின் ஆயிலில் ஊறியது. முதலாவதை இழுத்து விட்டேன், சுண்டித் திரும்பியது. இரண்டாவதை இழுத்தேன், இழுத்தபடியே தொங்கியது. மழைப் புழு மாதிரி இருந்தது.

“காத்த எறக்கறது இதுதான் சார். பம்பு இல்ல. பம்புக்குள்ள ஊத்துன எண்ணெ இங்க வந்து சேருது.”

“அப்ப அவங்க சரியாப் பயன்படுத்தலன்னு சொல்றீங்களா?” என்றார் சார்.

“இல்ல சார். எண்ணெ விடுங்கன்னு நாந்தான் சொன்னேன். எப்பிடி விடணும்னு சொல்லல. தப்பு என்னோடது. பம்போடது இல்ல, அவுங்களோடது இல்ல.”

கலியபெருமாள்தான் முதலில் வாயைத் திறந்தார்.

“ஒத்துக்கிறான் பாருய்யா! வியாபாரி ஒத்துக்கிட்டு நான் பாத்ததே இல்ல. இதுல ஏதோ சூது இருக்கு.”

“சூதும் இல்ல வாதும் இல்ல” என்று அஞ்சலை அம்மா எழுந்தது. “யாரு பம்ப மாத்துனாலும் மாத்துங்க, எம் பம்பு மேல கை வைக்காதீங்க. அது நல்லா இருக்கு.”

சந்திரன் சார் நியாயமான ஆள். வாயால் பேசியது போதும், செய்து காட்டுங்கள் என்றார். கலியபெருமாள் வண்டியை மண்டபத்துக்குள்ளேயே கொண்டுவந்தோம். அவர் பம்பைப் பிரித்துக் குழாயை உள்ளே துணி விட்டுத் துடைத்தேன். ஹோஸைச் சோப்புத் தண்ணீரில் அலசி உதறிக் காய வைத்தேன். புது வால்டியூப் போட்டேன். அடிக்கச் சொல்லி அவரிடமே கொடுத்தேன். டயர் இறுகியதும் கேரியரில் இரண்டு மணல் மூட்டையைக் கட்டி, வண்டியை அங்கேயே வைத்து, மண்டபத்தைப் பூட்டிச் சாவியை சார் எடுத்துக்கொண்டார். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு முடிவு.

எட்டு மணிக்கே பூட்டிய கதவுக்கு வெளியே நான் நின்றேன். அந்த ஒரு மணி நேரத்தில் எனக்குத் தெரிந்த எல்லா ஜெபமும் தீர்ந்துவிட்டது. புது வால்டியூப்பே கோளாறாக இருந்தால்? மணல் மூட்டையில் முள் இருந்திருந்தால்? கதவு திறந்ததும் கலியபெருமாள் என்னைத் தள்ளிவிட்டு உள்ளே போனார். பின் சக்கரத்தைக் கையால் தொட்டுப் பார்த்திருக்கலாம். அவர் வெறுங்காலால் ஓங்கி ஒரு உதை விட்டார். விட்டுவிட்டு, கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் மண்டபத்தைச் சுற்றினார்.

“கல்லுய்யா! கல்லு மாதிரி இருக்கு!” வலியிலும் அதைத்தான் சொன்னார்.

பம்புகளை மாற்ற வேண்டாம் என்று சார் எழுதிக் கொடுத்தார். முதலாளி என்னிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் ஆட்டோ ஏறிப் போனார்.

அடுத்த எட்டு நாள் நான் குப்பம் குப்பமாகப் போய், அறுபதில் அஞ்சலை அம்மா பம்பை விட்டு ஐம்பத்தொன்பது பம்பையும் பிரித்துத் துடைத்தேன். முந்நூறு வண்டியின் வால்வையும் பார்த்தேன். ஒவ்வொரு வீட்டிலும் வாஷரை வெளியே எடுத்துக் காட்டி, விரலால் தடவிக் காட்டி, அவர்களையும் தடவ வைத்து, அப்புறம்தான் நகர்ந்தேன். ஒன்பதாம் நாள் கடைக்குப் போனேன். என் இடத்தில் ரஃபி நின்றிருந்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டான், அவன் என்ன செய்வான் பாவம். முதலாளி என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. சிதம்பரம் கிளைக் கடைக்கு, மேல வீதிக்குப் பின்னால் இருந்த கிடங்குக்கு, சரக்கு அடுக்கும் வேலைக்கு அனுப்பினார். கவுண்டர் கிடையாது, கையெழுத்தும் கிடையாது.

நான் போனேன். மன்னிப்புக் கேட்டால் திரும்பக் கூப்பிடுவார் என்று ரஃபி ஆள் விட்டுச் சொன்னான். எதற்கு மன்னிப்பு? தப்பாகச் சொன்னதற்கு, சொல்ல வேண்டியவர்களிடம், மண்டபத்தில் வைத்தே கேட்டாயிற்று. நல்ல பம்பை நல்ல பம்பு என்று சொன்னதற்கு யாரிடமும் கேட்பதாக இல்லை.

ஒரு வருஷம் போயிருக்கும். திருப்பாதிரிப்புலியூரிலிருந்து பஸ்ஸில் ஒரு பெட்டி வந்தது. உள்ளே புதுப் பம்புகள். கடிதம் இல்லை, போன் இல்லை. கிளைக் கடையில் நாங்கள் கேட்கவும் இல்லை. கொஞ்ச நேரம் யோசித்தேன். பிறகு கிடங்கு வாசலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்து, துடைத்து, தண்ணீர் வைத்து, ஏறி நின்று ஆடி, அடித்துப் பார்த்தேன். ஏழு ஆகாது என்று ஒதுக்கி, மிச்சத்தின்மேல் ‘பார்த்தது’ என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். அடுத்த மாசம் இன்னொரு பெட்டி வந்தது. வந்துகொண்டே இருந்தது. 2012 வரைக்கும் அந்தக் கடையில் விற்ற பம்பு எதுவும் நான் பார்க்காமல் போகவில்லை. முதலாளி என்னை மன்னிக்கவில்லை. ஆனால் அவர் வியாபாரி.

வேலையில் என் கடைசி நாள் வந்தது. கிளையில் மாலை வாங்கி வைத்திருந்தார்கள், பிரியாணி சொல்லியிருந்தார்கள். பத்து மணி பஸ்ஸில் ஒரு பெட்டி வந்து இறங்கியது. இருபத்து நாலு பம்பு. “சும்மா கையெழுத்துப் போட்டுட்டு வாங்கண்ணே, பிரியாணி ஆறுது” என்றார்கள். பிரித்தேன். முதல் வாஷரில் சொட்டு வைத்ததும் புடைத்தது. இரண்டாவதும் அப்படியே. இருபத்து நாலும் அட்டை. பெட்டியின் மேல் பெரிதாக ‘ஆகாது’ என்று எழுதி, என் பெயரைப் போட்டு, மதிய பஸ்ஸிலேயே ஏற்றிவிட்டேன். பிரியாணி ஆறித்தான் போயிற்று.

சாயங்காலம் நாலு மணிக்குப் போன் வந்தது. ஏழு வருஷத்துக்குப் பிறகு முதலாளியின் குரல்.

“இருவத்தி நாலுமா ஆகாது?”

“ஆகாதுங்க மொதலாளி.”

“போற நாளுங்க இது. இன்னிக்கி ஒரு நாள் விட்டுக் குடுத்திருக்கக் கூடாதா?”

போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

“இன்னிக்கும் எனக்குச் சம்பளம் உண்டு இல்லீங்களா மொதலாளி?”



“உண்டு” என்றார்.

“அப்ப ஆகாது” என்றேன்.